அப்பாவின் கால் புண்ணில் அழற்சி ஏன் அடங்கவில்லை?

கேள்வி: டாக்டர் சார், நாங்கள் திருத்துறைப்பூண்டிப் பக்கம். அப்பாவுக்கு 62 வயது, விவசாயம். 17 வருடமாகச் சர்க்கரை இருக்கிறது. நான்கு மாதத்துக்கு முன் வலது காலில், பெருவிரலுக்குக் கீழே பாதம் ஊன்றுகிற இடத்தில் ஒரு புண் வந்தது. ஐந்து ரூபாய்க் காசு அளவு. இன்றும் அதே அளவுதான். மூன்று தடவை ஆன்டிபயாடிக் கொடுத்துவிட்டார்கள். போகும்போதெல்லாம் "இன்ஃப்ளமேஷன் குறையவில்லை" என்கிறார்கள். ஆனால் உடம்பு புண்ணை ஆற்றுவதே இன்ஃப்ளமேஷன் மூலமாகத்தான் என்று நான் படித்தேன். அப்படியானால் அது நல்லதா, கெட்டதா? அதைக் குறைக்க மாத்திரை உண்டா? அப்பாவுக்கு வலியே இல்லை. அதனால் வயலுக்கும் டீக்கடைக்கும் வழக்கம்போல் போய்வருகிறார். புண் ஓரத்தில் தோல் வெள்ளையாகக் கெட்டிப்பட்டிருக்கிறது. நாற்றமோ காய்ச்சலோ இல்லை. அம்மா முட்டை, மீன் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டார், சீழ் வைக்குமாம். தினமும் மஞ்சள் பற்றுப் போடுகிறார். சித்திரையில் சமயபுரத்துக்கு நடந்து வருவதாக அப்பாவுக்கு ஒரு வேண்டுதல் வேறு இருக்கிறது. போகலாமா?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தின் நடுவில் போகிற போக்கில் ஒரு வரி வருகிறது: புண் ஓரத்தில் தோல் வெள்ளையாகக் கெட்டிப்பட்டிருக்கிறது என்று. அதைப் படித்ததுமே அப்பாவின் புண் ஏன் நான்கு மாதமாக அசையவில்லை என்பதில் பாதி எனக்குப் புரிந்துவிட்டது. அதற்குப் பிறகு வருகிறேன். முதலில் நீங்கள் கேட்டதைப் பார்ப்போம்.

இன்ஃப்ளமேஷனைப் பாடப்புத்தகத்தில் அழற்சி என்பார்கள். அது வரவேண்டிய நேரத்தில் வந்து, வேலையை முடித்துக்கொண்டு போய்விட்டால் நல்லது. அப்பா விவசாயி என்பதால் அவருக்குப் பழக்கமான விஷயத்தை வைத்தே சொல்கிறேன், படித்துக் காட்டுங்கள். நடவுக்கு முன் உழுதாக வேண்டும். பழைய தாளை மடக்கி, களையை அழுகவிட்டு, மண்ணைச் சேறாக்கினால்தான் நாற்று வேர் பிடிக்கும். ஆனால் நட்ட பிறகும் டிராக்டர் தினம் வயலில் இறங்கி ஓட்டிக்கொண்டே இருந்தால்? அப்பாவின் புண் இப்போது அந்த வயல் மாதிரி இருக்கிறது.

சர்க்கரை இல்லாத ஒருவர் காலில் முள் கிழித்துவிட்டது என்று வையுங்கள். ரத்தம் உறைந்து நின்ற சில மணி நேரத்தில் நியூட்ரோஃபில் என்கிற வெள்ளையணுக்கள் அங்கே குவியும். முதல் இரண்டு நாள் அவற்றின் ராஜ்யம். கிருமியை விழுங்கும், செத்த திசுவைக் கரைக்க நொதிகளைக் கக்கும், சில சமயம் தன்னுடைய டி.என்.ஏ.வையே வலை மாதிரி வீசிக் கிருமியைச் சிக்கவைத்துத் தானும் செத்துப்போகும். அந்த இடம் சிவந்து, வீங்கி, சூடாகி, விண்விண்ணென்று வலிப்பது இந்தக் களேபரத்தால்தான். இரண்டாம் மூன்றாம் நாளில் மேக்ரோஃபேஜ் என்ற பெரிய அணுக்கள் வந்து சேரும். செத்துக் கிடக்கும் நியூட்ரோஃபில்களைத் தின்று இடத்தைச் சுத்தம் செய்வது அவற்றின் வேலை. இத்தனை வருடம் கழித்தும் எனக்கு ஆச்சரியமாக இருப்பது இந்தக் கட்டம்தான். அந்தக் குப்பையைத் தின்பதே மேக்ரோஃபேஜின் குணத்தை மாற்றிவிடுகிறது. உழ வந்த ஆளே நடவாளாக மாறி, புது ரத்தக்குழாய் வரட்டும், நார் பின்னட்டும் என்று மற்ற அணுக்களுக்குச் சேதி அனுப்ப ஆரம்பிக்கும். ஒரு வாரம் ஆவதற்குள் சிவப்பும் சூடும் தணிந்து, அடியிலிருந்து மணி மணியாகச் செக்கச்செவேலென்று சதை எழும்பும்.

சர்க்கரை நெடுநாள் கட்டுப்பாட்டில் இல்லாத உடம்பில் இந்த வரிசை குலைகிறது. ஆரம்பமே மந்தம். காயம் பட்ட இடத்திலிருந்து வெள்ளையணுக்களைக் கூப்பிடுகிற குரலில் நரம்பு நுனிகளுக்கும் ஒரு பங்கு உண்டு. அப்பாவின் பாதத்தில் அந்த நரம்புகள் மரத்துவிட்டன. ரத்த ஓட்டமும் குறைவாக இருந்தால் வருகிற ஆளும் தாமதமாக வருவார். வந்த பிறகோ, போகவே மாட்டார். நியூட்ரோஃபில்கள் கிருமியைக் கொல்வதில் சுணங்கும், வலை வீசுவதில் மட்டும் அவசரப்படும். 2015-ல் பாஸ்டன் ஆராய்ச்சியாளர்கள் இதைக் காட்டினார்கள். சர்க்கரை நோயாளிகளின் நியூட்ரோஃபில்கள் மற்றவர்களுடையதைவிடச் சுலபமாக வலை வீசின. வலை வீசத் தேவையான ஒரு நொதி இல்லாத எலிகளுக்குப் புண் சீக்கிரம் ஆறியது. மேக்ரோஃபேஜ்கள் குப்பையைச் சரியாகத் தின்பதில்லை. தின்னாததால் நடவாளாக மாறுவதும் இல்லை. மெட்டலோபுரோட்டினேஸ் என்கிற நொதிக் கூட்டம், புதிதாகப் பின்னுகிற கொலாஜன் நாரையும் சதையை வளரச் சொல்கிற புரதங்களையும் சேர்த்தே நறுக்கிப் போடுகிறது. சர்க்கரை ஒட்டிக் கெட்டுப்போன புரதங்கள் இந்த அணுக்களைச் சீண்டிக்கொண்டே இருக்கின்றன. பகலில் நட்டதை ராத்திரியில் பிடுங்குகிற கதை.

ஆக, நீங்கள் படித்ததும் சரி, உங்கள் மருத்துவர் சொன்னதும் சரி.

அப்படியானால் மாத்திரையால் அடக்கிவிடலாமே என்று தோன்றும். நாம் அழற்சி மாத்திரை என்று கடையில் வாங்குபவை பெரும்பாலும் வலி மாத்திரைகள்தான். டைக்ளோஃபெனாக் போன்றவை ஆறாத புண்ணை ஆற்றியதாக நான் பார்த்ததில்லை. 17 வருடச் சர்க்கரையில் களைத்துப்போயிருக்கக்கூடிய சிறுநீரகத்தை அவை நிச்சயம் படுத்தும். ஸ்டீராய்டு இன்னும் மோசம், சர்க்கரையை ஏற்றும், புண் ஆறுவதையே நிறுத்திவைக்கும். வீக்கம் வடிய என்று எழுதப்படும் என்சைம் மாத்திரைகளை நம்பிப் பணம் செலவழிக்க எனக்கு மனசில்லை.

புண்ணின் மேலேயே போடுகிற சில மருந்துகள் இந்தச் சண்டையில் உருப்படியாகத் தலையிடுகின்றன, மறைக்காமல் சொல்ல வேண்டும். சுக்ரோஸ் ஆக்டாசல்பேட் என்ற பொருள் கலந்த கட்டு, நான் சொன்ன அந்த நறுக்கும் நொதிகளை மட்டுப்படுத்துகிறது. ஐந்து ஐரோப்பிய நாடுகளில் 240 பேரிடம் செய்து 2018-ல் வெளியான ஆய்வில், 20 வாரத்தில் அந்தக் கட்டுப் போட்டவர்களில் 48 சதவீதம் பேருக்குப் புண் மூடியது. சாதாரணக் கட்டில் 30 சதவீதம். தைவானில் இன்னொரு களிம்பு, மேக்ரோஃபேஜை நடவாளாக மாற்றுவதற்கென்றே செய்தது. 2021-ல் வெளியான ஆய்வில் 16 வாரத்தில் ஏறக்குறைய 61 சதவீதம் பேருக்கு ஆறியது, ஒப்பீட்டுக் குழுவில் 35 சதவீதம். அந்தக் களிம்பில் இருப்பது என்ன தெரியுமா? நம் கொல்லையில் இருக்கிற கற்பூரவல்லியிலிருந்தும் வல்லாரையிலிருந்தும் பிரித்தெடுத்த சாறுகள். (இதைப் படித்துவிட்டு அம்மா இலையைக் கசக்கிப் புண்ணில் பிழிந்துவிடப் போகிறார், தயவுசெய்து வேண்டாம். பிரித்து, அளந்து, கிருமி நீக்கிச் செய்த மருந்தும் அம்மியில் அரைத்த இலையும் ஒன்றல்ல.)

இவற்றை முன்னால் எழுதாமல் இங்கே எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. அப்பா வயலுக்கு நடந்துகொண்டிருக்கும்வரை எந்தக் களிம்பும் காசைக் கரைக்கிற வேலைதான்.

சரி, இப்போது அந்த வெள்ளைத் தோல். அதற்குக் காய்ப்பு என்று பெயர். மண்வெட்டி பிடிக்கிற கையில் வருமே, அதே காய்ப்பு. அழுத்தமும் உரசலும் திரும்பத் திரும்ப விழுகிற இடத்தில் மட்டும்தான் அது வரும். நடக்காத காலில் புண் ஓரம் காய்த்துப்போகாது. ஆக அப்பா என்ன சமாதானம் சொன்னாலும், புண்மேல் ஊன்றித்தான் நடக்கிறார் என்று அந்தத் தோலே சாட்சி சொல்கிறது. ஒவ்வொரு அடியிலும் முழு உடம்பின் எடை அந்த ஐந்து ரூபாய்க் காசு அளவு இடத்தில் இறங்குகிறது. எழும்பிய இளம் சதை நசுங்குகிறது, நுண்ணிய ரத்தக்குழாய்கள் நசுங்குகின்றன, அது புதுக் காயம், புதுக் காயத்துக்குப் புது நியூட்ரோஃபில்கள். நாளைக்கு மூவாயிரம் அடி நடந்தால் அந்தப் பாதத்துக்கு ஆயிரத்து ஐந்நூறு தடவை உழவு. மருத்துவமனையில் பார்க்கிறவர் கண்ணுக்கு அது அடங்காத இன்ஃப்ளமேஷனாகத் தெரிகிறது. அடங்குவதற்கு நேரம் கொடுத்தால்தானே அடங்கும்?

இத்தாலியில் பீசா நகர மருத்துவர்கள் 2003-ல் ஓர் அழகான காரியம் செய்தார்கள். ஒரு சாராரின் புண்ணிலிருந்து உடனே சதைத் துணுக்கு எடுத்து நுண்ணோக்கியில் பார்த்தார்கள். இன்னொரு சாராருக்கு முதலில் மூன்று வாரம்போலக் காலுக்கு மாவுக்கட்டுப் போட்டு, அழுத்தத்தை எடுத்துவிட்டு, அதற்குப் பிறகு துணுக்கு எடுத்தார்கள். முதல் கூட்டத்தில் அழற்சி அணுக்களும் செத்த குப்பையும் அதிகம். இரண்டாவதில் அவை குறைந்து, புது ரத்தக்குழாயும் வளரும் சதையும் தெரிந்தன. அழற்சிக்கென்று தனி மருந்து எதையும் அவர்கள் சோதிக்கவில்லை. அழுத்தத்தை எடுத்தார்கள், அவ்வளவுதான். உங்கள் "மாத்திரை உண்டா" கேள்விக்கு என்னிடம் இருப்பதில் நேரான பதில் இதுதான்.

இந்த மாவுக்கட்டு வைத்தியத்தின் கதை நம் பக்கத்தில் தொடங்கியது என்பதில் எனக்குக் கொஞ்சம் பெருமை உண்டு. 1930-களில் இலங்கையில் டாக்டர் மில்ராய் பால், தொழுநோயாளிகளின் மரத்துப்போன பாதப் புண்களுக்குக் கட்டுப் போட்டு ஆற்றினார். 1946-ல் வேலூர் சி.எம்.சி.க்கு வந்த டாக்டர் பால் பிராண்ட், தொழுநோயாளியின் சதை தானாக அழுகுகிறது என்ற நம்பிக்கையை உடைத்தார். சதை நல்ல சதைதான், வலி தெரியாததால் அவர்கள் அதை நடந்தே நாசம் செய்கிறார்கள் என்று கண்டார். மரத்த பாதத்துக்கென்று மைக்ரோசெல்லுலர் ரப்பர் வைத்த செருப்புகள் வேலூர், கரிகிரி பக்கத்தில் உருவானதும் அந்தக் காலத்தில்தான். 1966-ல் அவர் அமெரிக்காவின் கார்வில் தொழுநோய் மருத்துவமனைக்குப் போனார். தொழுநோய்க்குக் கற்றது சர்க்கரைக் காலுக்கும் அப்படியே பொருந்தியது. இரண்டிலும் குற்றவாளி ஒன்றுதான், வலி இல்லாமை. "அப்பாவுக்கு வலியே இல்லை" என்று நீங்கள் ஆறுதலாக எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அதுதான் கவலை.

முழங்காலுக்குக் கீழே பாதத்தோடு ஒட்டிப் போடும் அந்த மாவுக்கட்டு, பாதத்தின் ஓர் இடத்தில் விழும் எடையைக் கால் முழுக்கப் பரப்பிவிடும். 2001-ல் அமெரிக்காவில் 63 பேரிடம் செய்த ஒப்பீட்டில், மாவுக்கட்டுப் போட்டவர்களில் ஏறக்குறைய 90 சதவீதம் பேருக்கு 12 வாரத்தில் புண் மூடியது. கழற்றி மாட்டக்கூடிய பூட்ஸ் போட்டவர்களில் 65 சதவீதம். ஏன் இந்த வித்தியாசம் என்று இன்னொரு ஆய்வு பார்த்தது. பூட்ஸிலும் இடுப்பிலும் அடி எண்ணும் கருவியை மாட்டி எண்ணினார்கள். நடந்த அடிகளில் 28 சதவீதம்தான் பூட்ஸோடு நடந்தது. மற்றதெல்லாம் வீட்டுக்குள், பாத்ரூமுக்கு, தண்ணீர் குடிக்க. கழற்ற முடிந்தால் மனுஷன் கழற்றிவிடுவான். உங்கள் அப்பாவை நான் பார்த்ததில்லை, ஆனாலும் அவர் விதிவிலக்காக இருப்பார் என்று தோன்றவில்லை.

எனவே உங்கள் மருத்துவரிடம் அடுத்த முறை "இன்ஃப்ளமேஷனுக்கு மருந்து கொடுங்கள்" என்று கேட்காமல், "இந்தப் புண்மேல் எடை விழாமல் இருக்க என்ன வழி" என்று கேளுங்கள். கழற்ற முடியாத மாவுக்கட்டு முதல் தேர்வு. அந்த வசதி பக்கத்தில் இல்லையென்றால் தஞ்சாவூர் அல்லது திருச்சி மாதிரி பெரிய ஊரில் பாதச் சிகிச்சைப் பிரிவு உள்ள இடத்துக்குப் போங்கள். அதுவரைக்கும் புண் இருக்கிற இடத்தை விட்டுவிட்டுச் சுற்றிலும் ஃபெல்ட் என்கிற தடித்த, மெத்தென்ற துணியை ஒட்டி, அதற்குமேல் சரியான செருப்புப் போடுகிற மலிவான முறையும் உண்டு. நாமாக ஒட்டக் கூடாது, தெரிந்தவர் ஒட்ட வேண்டும். காய்ப்பை மருத்துவர் பிளேடால் சீவி எடுக்க வேண்டும். சீவினாலே அந்த இடத்தின் அழுத்தம் சுமார் கால் பங்கு குறையும். நீங்கள் வீட்டில் பிளேடு எடுக்காதீர்கள், ஆணி பிளாஸ்திரியும் வேண்டாம், அதில் இருப்பது அமிலம்.

சீவுவது என்றதும் இன்னொன்று. புண்ணுக்குள் மஞ்சளாக, வெளுப்பாகப் படிந்திருக்கும் செத்த சதையையும் கொழகொழப்பையும் நாங்கள் வெட்டிச் சுரண்டி எடுப்போம். ரத்தம் கசியும். பார்க்கிற வீட்டுக்காரர்கள், ஆறவேண்டிய புண்ணை இப்படிக் கிளறுகிறார்களே என்று பதறுவார்கள். பழைய புண்ணைப் புதுப் புண் ஆக்குகிற வேலை அது. அந்தக் கொழகொழப்புக்குள் கிருமிகள் படலம் கட்டிக் குடியிருக்கும், எந்த ஆன்டிபயாடிக்கும் உள்ளே சரியாகப் போகாது. கெட்டுத் தேங்கிய அழற்சியைக் கழித்துக்கட்டிவிட்டு, கத்தியால் நாங்களே ஒரு புது அழற்சியை ஆரம்பித்துவைக்கிறோம். சேறு பழுதாகிவிட்டால் தண்ணீரை வடித்துவிட்டு மறுபடி உழுவதில்லையா?

ஆன்டிபயாடிக் பற்றி. என் ஆரம்ப காலத்தில் ஆறாத புண் எதைப் பார்த்தாலும் நானும் ஆன்டிபயாடிக் எழுதியவன்தான். ஹைட்ரஜன் பெராக்சைடு ஊற்றி, நுரை பொங்குவதைப் பார்த்து வேலை செய்கிறது என்று திருப்திப்பட்டவனும்தான். அந்த நுரை, கிருமியோடு சேர்த்து நல்ல அணுக்களையும் கொன்றுகொண்டிருந்தது. அழற்சி வேறு, கிருமித் தொற்று வேறு. தொற்று இருந்தால் அழற்சி இருக்கும், அழற்சி இருந்தால் தொற்று இருக்கவேண்டும் என்று இல்லை. புண்ணைச் சுற்றி அரை சென்டிமீட்டருக்கு மேல் சிவப்பு, வீக்கம், சூடு, தொட்டால் வலி, சீழ், இவற்றில் குறைந்தது இரண்டு இருந்தால்தான் தொற்று என்று சொல்வது சர்வதேச வழக்கம். இல்லாதபோது கொடுக்கும் ஆன்டிபயாடிக் புண்ணை ஆற்றாது. புண்ணின் மேலே பஞ்சால் துடைத்து அனுப்புகிற சோதனையில் ஏதாவது ஒரு கிருமி வந்தே தீரும். அதை மட்டும் வைத்து மருந்து ஆரம்பிக்கக் கூடாது. தேவைப்பட்டால் சுத்தம் செய்த புண்ணின் ஆழத்திலிருந்து சதை எடுத்து அனுப்ப வேண்டும்.

நம் நிறத்தில் சிவப்பு சரியாகத் தெரியாது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வெள்ளைத்தோலை வைத்து எழுதிய புத்தகத்தைப் பார்த்து நாம் சிவப்பைத் தேடினால் ஏமாந்துபோவோம். கருமை கூடியிருக்கிறதா, தோல் சுருக்கமில்லாமல் பளபளக்கிறதா, அழுத்தினால் குழி விழுகிறதா என்று பாருங்கள். காய்ச்சலையும் நம்பாதீர்கள். காலையே எடுக்கவேண்டிய அளவு தொற்று உள்ளவர்களில் பலருக்குக் காய்ச்சல் வருவதில்லை, வெள்ளையணு எண்ணிக்கைகூட ஏறுவதில்லை. வழக்கமாகச் சாப்பிட்டும் மருந்து போட்டும் சர்க்கரை காரணமில்லாமல் எகிறினால் முதலில் காலைப் பாருங்கள். தொடை இடுக்கில் நெறி கட்டினால், நாற்றம் வந்தால், விரல் கறுத்தால், மரத்த காலில் திடீரென்று வலி கிளம்பினால், புண்ணைச் சுற்றிய நிற மாற்றம் இரண்டு சென்டிமீட்டரைத் தாண்டினால், விடிவதற்குக் காத்திருக்காமல் கிளம்பிவிடுங்கள்.

எலும்பு விஷயம் ஒன்று பாக்கி. பெருவிரல் அடியில் எலும்பு கிட்டத்திலேயே இருக்கிறது, புண்ணுக்கு நான்கு மாதம் ஆகிறது, ஆன்டிபயாடிக் மூன்று சுற்று ஆகிவிட்டது. எக்ஸ்ரே எடுத்தார்களா என்று நீங்கள் எழுதவில்லை. எடுக்காவிட்டால் எடுக்கச் சொல்லுங்கள். எலும்புத் தொற்று எக்ஸ்ரேயில் தெரிய இரண்டு மூன்று வாரம் ஆகும், உங்களுக்கு அந்தக் காலம் தாண்டிவிட்டது. மருத்துவர் சுத்தமான மழுங்கிய கம்பியைப் புண்ணுக்குள் மெல்ல விட்டுப் பார்க்கும்போது கடினமாக எலும்பு தட்டுப்பட்டாலோ, ஈ.எஸ்.ஆர். என்கிற ரத்தப் பரிசோதனை அளவு 70-க்கு மேல் இருந்தாலோ சந்தேகம் பலமாகிறது. எலும்பில் தொற்று இருந்தால் ஒரு வாரம் பத்து நாள் மருந்து போதாது. ஆறு வாரம் போல ஆகும், அல்லது அந்த எலும்புத் துண்டை எடுக்கவேண்டி வரும்.

ரத்த ஓட்டத்தையும் மாவுக்கட்டுக்கு முன்பே பார்த்துவிட வேண்டும். ரத்தம் வராத காலில் இறுக்கமான கட்டு ஆபத்து. கணுக்கால் அழுத்தத்தைக் கை அழுத்தத்தோடு ஒப்பிடும் சோதனை சர்க்கரைக்காரர்களிடம் பொய் சொல்லும், ரத்தக்குழாய்ச் சுவரில் சுண்ணாம்பு படிந்து நெகிழாமல் இருப்பதால் எண் நன்றாக இருப்பதுபோல் காட்டும். கால் விரலில் அழுத்தம் பார்ப்பதும், ஒலி அலையால் ரத்த ஓட்டத்தைப் பார்க்கிற டாப்ளரும் மேல். அப்பா பீடி குடிப்பவராக இருந்தால் அதை இன்றே நிறுத்தச் சொல்லுங்கள். மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை எவ்வளவு என்றும் நீங்கள் எழுதவில்லை. இன்சுலின் போடச் சொன்னால் பயப்படாமல் போட்டுக்கொள்ளட்டும். ஊசி ஆரம்பித்தால் அவ்வளவுதான் என்று ஊரில் பேசுவதை விடுங்கள்.

அம்மாவிடம் கொஞ்சம் பக்குவமாகப் பேச வேண்டியிருக்கும். முட்டையும் மீனும் சீழ் வைக்கும் என்பது நம் பக்கம் எல்லா வீட்டிலும் இருக்கிற நம்பிக்கை, என் அம்மாவுக்கும் இருந்தது. சீழ் என்பது செத்த நியூட்ரோஃபில்களும் கிருமியும் கரைந்த திசுவும். அதற்கும் முட்டைக்கும் சம்பந்தமில்லை. புதுச் சதை புரதத்தால்தான் ஆகிறது. நான்கு மாதமாகக் கசியும் புண் தினமும் புரதத்தை வெளியேற்றிக்கொண்டிருக்கிறது, உள்ளே வருவதோ ரசம் சாதமும் அப்பளமும். க்ரியேட்டினின் பார்த்து, சிறுநீரகம் சரியாக இருக்கிறது என்று மருத்துவர் சொன்னால் நாளைக்கு இரண்டு முட்டை வெள்ளையாவது, மீன் கிடைக்கிற அன்று மீன், இல்லாவிட்டால் பருப்பும் சுண்டலும் கொடுக்கச் சொல்லுங்கள். வறுக்காமல் குழம்பில் போட்டால் போதும்.

மஞ்சளில் அழற்சியைத் தணிக்கும் குணம் இருப்பது சோதனைச் சாலையில் தெரிந்த விஷயம். சாம்பார்ப் பொடி டப்பாவுக்குப் பக்கத்தில் இருக்கும் மஞ்சள்தூள் கிருமி நீக்கியது அல்ல, திறந்த புண்ணில் அது மண்ணைப் போடுவதுபோல்தான். இன்னொரு சங்கடமும் இருக்கிறது. மஞ்சள் பூசிவந்த புண்ணில் எனக்கு எதுவுமே தெரிவதில்லை. செத்த சதையும் மஞ்சள், சீழும் மஞ்சள், பற்றும் மஞ்சள். அதைக் கழுவி எடுக்கவே அரை மணி நேரம் போகிறது. சலைன் என்கிற கிருமி நீக்கிய உப்புநீரால் கழுவி, ஈரம் காயாத, ஆனால் ஊறிப்போகாத கட்டுப் போட்டால் போதும். காற்றாட விட்டுக் காயவைப்பதும் வேண்டாம்.

இனி நீங்கள் செய்யவேண்டியது ஒன்று. வாரத்துக்கு ஒரு நாள், வியாழன் என்றால் வியாழன், புண்ணுக்குப் பக்கத்தில் ஸ்கேலை வைத்து, ஒரே தூரத்திலிருந்து போன் கேமராவில் படம் எடுங்கள். நீளத்தையும் அகலத்தையும் பெருக்கி எழுதிவையுங்கள். நான்கு வாரத்தில் அந்தப் பரப்பு பாதியாகக் குறைகிறதா என்பதுதான் கணக்கு. 2003-ல் வெளியான ஓர் ஆய்வில் நான்கு வாரத்தில் பாதிக்குமேல் குறைந்தவர்களில் 58 சதவீதம் பேருக்கு 12 வாரத்தில் ஆறியது, குறையாதவர்களில் 9 சதவீதம் பேருக்குத்தான். எடையை எடுத்து, ரத்த ஓட்டம் பார்த்து, தொற்று இல்லை என்று உறுதி செய்து, அதற்குப் பிறகும் பாதியாகவில்லை என்றால் அப்போது அந்த விலை உயர்ந்த கட்டுகளையும் களிம்புகளையும் பற்றி உங்கள் மருத்துவரோடு பேசுங்கள். அப்போது எனக்கும் ஆட்சேபணை இல்லை.

ஆறிய பிறகும் அந்த இடம் பழைய தோல் ஆகிவிடாது. ஆறியவர்களில் நூற்றுக்கு நாற்பது பேருக்கு ஒரே வருடத்தில் மறுபடி புண் வருகிறது. அங்கேயும் அழற்சிதான் முதலில் ஆள் அனுப்பும். தோல் உடைவதற்கு முன்பே அந்த இடம் சூடாகும். இரண்டு பாதத்திலும் அதே இடத்தைத் தோல் வெப்பமானியால் பார்த்து, 2.2 டிகிரி செல்சியஸுக்கு மேல் வித்தியாசம் இருந்தால் நடையைக் குறைத்துக்கொள்ளச் சொல்வது பிராண்ட் காலத்து யோசனையிலிருந்து வந்த வழக்கம். 2007-ல் அமெரிக்காவில் இப்படிப் பார்த்தவர்களில் 8.5 சதவீதம் பேருக்குத்தான் புண் வந்தது, பார்க்காதவர்களில் 30 சதவீதத்துக்கு. பிறகு நெதர்லாந்தில் செய்தபோது அவ்வளவு தெளிவான பலன் வரவில்லை, சூடு தெரிந்தும் நடையைக் குறைக்காதவர்கள் இருந்தது ஒரு காரணம். வெப்பமானி இல்லாவிட்டால் ராத்திரி அப்பா படுத்தபிறகு உங்கள் புறங்கையை இரண்டு பாதத்திலும் மாற்றி மாற்றி வைத்துப் பாருங்கள், துல்லியம் இல்லாவிட்டாலும் பெரிய வித்தியாசம் தெரிந்துவிடும். புண்ணே இல்லாமல் ஒரு பாதம் மட்டும் வீங்கிச் சுட்டால் அதைச் சுளுக்கு என்று தைலம் தேய்க்காதீர்கள். எலும்புகளே நொறுங்கிப் பாத வடிவம் மாறிப்போகிற ஷார்கோ பாதமாக இருக்கலாம், அன்றே காட்ட வேண்டும்.

கடைசியாக சமயபுரம். நடந்து போகக் கூடாது, இதில் பேச்சுக்கு இடமில்லை. உங்கள் ஊரிலிருந்து அது நூறு கிலோமீட்டருக்கும் மேலே, சித்திரைத் தார்ச்சாலையில், மரத்துப்போன பாதத்தோடு. எத்தனையோ பேர் அப்படிப் போய்விட்டு, சூடு பட்டதே தெரியாமல், பாதம் முழுக்கக் கொப்புளத்தோடு வந்து என் முன்னால் உட்கார்ந்திருக்கிறார்கள். பக்தர்களுக்காக அம்மனே 28 நாள் பச்சைப் பட்டினி கிடக்கிற கோயில் அது, அப்பாவின் வேண்டுதலைப் பேருந்தில் வந்து செலுத்தினால் கோபித்துக்கொள்ள மாட்டாள் என்று அவரிடம் சொல்லுங்கள். அதற்குள் புண் ஆறியிருந்தால் பேருந்தில் போகலாம், ஆறாவிட்டால் அடுத்த வருடம். போகும்போது பிராகாரக் கல் சுடுகிற உச்சி வேளையைத் தவிர்த்துக் காலை முதல் பூசைக்கே போய்விடுங்கள், செருப்பைக் கழற்றினால் காலில் தடித்த துணிக் காலுறை இருக்கட்டும். வீட்டுக்கு வந்ததும் காலுறையை நீங்களே கழற்றி, பாதத்தை வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள்.